சீத்தோ துறவிகளும் வூஜோ திராட்சைத் தோட்டமும்

சிறுவயதில் பூசைக்கு உதவி செய்தவர்களுக்கெல்லாம் அந்த இரண்டு கண்ணாடிக் குப்பிகள் நினைவிருக்கும். ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் திராட்சை இரசம். குப்பியை நீட்டும்போது கை நடுங்கும். ஒரு துளி சிந்தினாலும் பீடத் துணியில் கறை நின்றுவிடும். "இந்த இரசம் எங்கிருந்து வருகிறது சாமி?" என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, எங்கள் பங்குச் சாமியார், "திராட்சைப் பழத்திலிருந்துதான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். பதில் சரியானதே. திருச்சபைச் சட்டமும் அவ்வளவுதான் கேட்கிறது. திராட்சைப் பழத்திலிருந்து உண்டான இயற்கையான இரசமாக இருக்கவேண்டும், கெட்டுப்போயிருக்கக் கூடாது. சிவப்பா வெள்ளையா, எந்த ஊரில் விளைந்தது என்றெல்லாம் சட்டம் கேட்பதில்லை.

ஆனால், "எந்த ஊர், எந்தக் காடு, காட்டில் எந்த மூலை?" என்று ஏறத்தாழ 680 ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்த துறவிகள் உண்டு. அவர்கள் வளர்த்த தோட்டத்தின் கதையே இக்கட்டுரை. மதுவின் பெருமையைப் பாட நான் வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியினால் குலைந்த குடும்பங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இது மண்ணையும், அதைக் கட்டிக்காத்த கைகளையும் பற்றிய வரலாறு.

பிரான்சு நாட்டின் கிழக்குப் பகுதியில் பர்கண்டி என்றொரு பழைய மாநிலம். அதன் தலைநகராகிய திஜோனிலிருந்து தெற்கே சுமார் 17 கிலோமீட்டர் சென்றால் வூஜோ என்ற சிற்றூர் வரும். மேற்கே தாழ்வான குன்றுகள் வரிசையாக நிற்கின்றன. கிழக்கே சோன் நதியின் சமவெளி பரந்து கிடக்கிறது. குன்றும் சமவெளியும் சேரும் இடத்தில், காலை வெயிலைப் பார்த்தபடி ஒரு சரிவு. உலகம் புகழும் சிவப்புத் திராட்சை இரசங்கள் பல விளைவது இந்தச் சரிவில்தான். நீளம் 20 கிலோமீட்டர் அளவு, அகலமோ பல இடங்களில் சில நூறு மீட்டர்தான். இதன் நடுவே, நாற்புறமும் கற்சுவர் சூழ, சுமார் 50 ஹெக்டேர், அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ 125 ஏக்கர் கொண்ட ஒரே தோட்டம் இருக்கிறது. அதன் பெயர் குளோ தெ வூஜோ. 'குளோ' என்றால் அடைப்பு. சுவர் வைத்து அடைத்த தோட்டம்.

இதை உண்டாக்கியவர்கள் சீத்தோ மடத்துத் துறவிகள். 1098-ஆம் ஆண்டு, குருத்து ஞாயிறும் புனித ஆசீர்வாதப்பர் திருநாளும் சேர்ந்து வந்த மார்ச்சு 21 அன்று, மொலெம் மடத்தின் அதிபராயிருந்த புனித ராபர்ட் ஒரு சிறு துறவியர் கூட்டத்துடன் சீத்தோவில் புது மடம் கண்டார். பழைய மடங்களில் செல்வமும் சுகமும் பெருகிவிட்டன என்பது அவர்களது மனக்குறை. ஆசீர்வாதப்பரின் ஒழுங்கை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்க வேண்டும், தசமபாகமும் குத்தகையும் வாங்கக் கூடாது, கையால் உழைத்து உண்ணவேண்டும் என்பது அவர்களது தீர்மானம். சாயம் ஏற்றாத கம்பளி உடை. அதனால் அவர்களுக்கு 'வெள்ளைத் துறவிகள்' என்று பெயர். குடியேறிய இடமோ நாணல் மண்டிய சதுப்பு நிலம். பதினைந்து ஆண்டுகள் போல மடம் தள்ளாடியது. பிறகு திஜோன் அருகிலுள்ள ஃபோந்தேன் ஊரைச் சேர்ந்த பெர்நார்து என்ற பிரபுவின் மகன், உற்றார் உறவினரும் நண்பருமாக 30 பேர் அளவில் அழைத்துக்கொண்டு வந்து மடத்தில் சேர்ந்தார். அவரே பின்னாளில் கிளேர்வோ மடத்து அதிபராகிய புனித பெர்நார்து. அதற்குப்பின் அச்சபை ஐரோப்பா முழுவதும் பரவியது.

அந்தச் சதுப்பு நிலத்தில் திராட்சை தேறாது. ஆனால் பூசைக்கு இரசம் வேண்டும். மடத்து உணவுக்கும் வேண்டும். துறவிகளுக்கு மது ஆகாது என்று சொல்வதே நல்லது, ஆனால் இக்காலத்துத் துறவிகளை அப்படி ஒப்பவைக்க முடியாது என்ற கருத்தோடு, நாளொன்றுக்கு ஓர் அளவு இரசத்தை ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு நாற்பதாம் அதிகாரத்தில் அனுமதிக்கிறது. அந்த ஞானத் தந்தை மனித சுபாவத்தை நன்றாக அறிந்தவர்! ஆகவே மடத்துக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருந்த சரிவில் துறவிகள் நிலம் தேடினார்கள். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சுற்றுவட்டார நிலக்கிழார்கள் தங்கள் ஆன்மாவுக்காகத் துண்டு துண்டாகக் காணிக்கை கொடுத்தார்கள். சில துண்டுகளைத் துறவிகள் விலைக்கு வாங்கினார்கள், சிலவற்றை மாற்றிக்கொண்டார்கள். இப்படி வரப்பு வரப்பாகச் சேர்த்து, 1336-ஆம் ஆண்டுவாக்கில் தோட்டம் முழுவதையும் சுவருக்குள் கொண்டுவந்தார்கள். இரண்டு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வேலை. தொடங்கியவர்களில் ஒருவரும் முடிந்ததைப் பார்த்திருக்க முடியாது.

இந்த மண்ணில் அப்படி என்ன இருக்கிறது? ஏறத்தாழ 17 கோடி ஆண்டுகளுக்குமுன் இப்பகுதி ஆழமில்லாத கடலாக இருந்தது. சிப்பிகளும் கடற்பிராணிகளின் ஓடுகளும் படிந்து இறுகிச் சுண்ணாம்புப் பாறையாயின. தோட்டத்தின் மேற்பகுதியில், மாளிகையை ஒட்டி, ஒரு முழம் தோண்டினால் பாறை தட்டும். மண் மெல்லியது, சரளை கலந்தது; மழை பெய்தால் நீர் நிற்காது. நடுப்பகுதியில் களியும் சரளையும் கலந்து கிடக்கின்றன. கீழ்ப்பகுதியில், நெடுஞ்சாலையை ஒட்டி, மேலிருந்து அரித்து வந்த வண்டல் படிந்த கனத்த களிமண். கடப்பாறை இறங்கிக்கொண்டே போகும், ஈரமான ஆண்டில் நீர் வடியாமல் தேங்கும்.

நம் ஊர் விவசாயியைக் கேட்டால் கீழ்க்காடுதான் வேண்டும் என்பார். நெல்லுக்கும் வாழைக்கும் அது சரி. திராட்சையின் சங்கதி வேறு. ஈரமும் உரமும் மிகுந்த மண்ணில் கொடி இலையும் தழையுமாகப் பெருக்கிறது. பழத்தில் நீர் ஏறி, சாறு சப்பென்று ஆகிவிடுகிறது. மெலிந்த மண்ணில் வேர் பாறை இடுக்குகளில் நீரைத் தேடி ஆழமாய் இறங்குகிறது, பழம் சிறுத்துச் சாறு திரள்கிறது. அங்கே பயிராவது பினோ நுவார் என்ற கருந்திராட்சை. தோல் மெல்லியது, குலை சிறியது, நோய்க்கும் வசந்தகாலப் பனிக்கும் எளிதில் இரையாவது. சாறு நிறமற்றதே, தோலோடு சேர்த்துத் தொட்டியில் புளிக்க விடுவதால் சிவப்பு ஏறுகிறது. அடர்ந்த தோலும் கடும் சுவையும் உள்ள திராட்சை தன் குணத்தையே உரக்கச் சொல்லும். பினோ அப்படியல்ல. தான் நின்ற மண்ணைக் காட்டிக்கொடுக்கும். சுவருக்கு வெளியே மேற்கிலும் தெற்கிலும் முசிஞி, கிராந்து எஷேசோ என்ற தோட்டங்கள் இருக்கின்றன. கொடி அதே கொடி, வெயில் அதே வெயில். ஆயினும் சுவை வேறு.

துறவிகள் மண்ணை நாவில் வைத்துச் சுவைத்துப் பார்த்து எல்லை குறித்தார்கள் என்று வழிகாட்டிகள் பயணிகளுக்குச் சொல்வதுண்டு. கதையாக எடுத்துக்கொள்ளலாம். அவர்களிடம் நாவைவிட மேலான ஒன்று இருந்தது. அது காலம். தனி விவசாயி தன் ஆயுளில் முப்பது நாற்பது அறுவடை பார்ப்பான். மடம் நூற்றுக்கணக்கான அறுவடைகளைப் பார்த்தது. எந்தப் பாத்தியில் பனி முதலில் விழுகிறது, எந்தச் சரிவில் பழம் ஒரு வாரம் முந்திப் பழுக்கிறது என்ற அறிவு ஒரு தலைமுறைத் துறவியிடமிருந்து அடுத்த தலைமுறைக்குப் போயிற்று. இப்படித் தனித்தனியே எல்லை குறித்துப் பெயரிட்ட நிலத்துண்டை அந்நாட்டார் 'கிளிமா' என்கிறார்கள். பர்கண்டியின் இத்தகைய 1,247 கிளிமாக்களை யுனெஸ்கோ 2015-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

உழைத்தவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாத சகோதரத் துறவிகள். குருப்பட்டம் இல்லை, பாடற்பீடத்தில் இடம் இல்லை. சரிவில் மழை அரித்த மண் ஆண்டுதோறும் கீழே இறங்கும். அதைக் கூடையில் அள்ளி, முதுகில் சுமந்து மீண்டும் மேலே கொண்டுபோய்க் கொட்டுவது பர்கண்டியில் நூற்றாண்டுகளாக நடந்த குளிர்கால வேலை. இறைவன் தந்த மண் என்று சொல்கிறோம். மேற்காட்டில் அது தங்கியிருப்பது இந்த முதுகுகளால்தான். தோட்டத்தின் உள்ளே கட்டிய பழைய ஆலைக் கூடத்தில், நான்கு மூலைகளிலும் பெரிய ஓக் மரத் துலாக்கள் பொருத்திய நான்கு செக்குகள் இன்றும் இருக்கின்றன. நம் பழைய மரச்செக்கைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் கனம் விளங்கும். பிழிந்த இரசம் அருகிலுள்ள ஜில்லி என்ற ஊரில் மடத்துக்குச் சொந்தமான கோட்டையில் பாதுகாக்கப்பட்டது.

இந்த வரலாற்றில் நம் மனத்தை உறுத்தும் பகுதியையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஏழ்மையை நாடிச் சதுப்பு நிலத்துக்குப் போனவர்கள், கடின உழைப்பினாலேயே செல்வரானார்கள். சிக்கனமாக வாழ்ந்து, நன்றாக உழைத்து, ஒன்றையும் விற்காமல் சேர்த்தால் வேறென்ன ஆகும்? வூஜோ இரசம் அரசர்களின் மேசைக்கும் பாப்பரசர்களின் மேசைக்கும் போயிற்று. 1371-இல் மடத்து அதிபர் ஜான் தெ புய்சியேர் அவிஞோனில் இருந்த பாப்பரசர் 11-ஆம் கிரகோரியாருக்கு 30 பீப்பாய் வூஜோ இரசம் அனுப்பினார் என்றும், பாப்பரசர் அந்தக் கொடையை மறக்கவில்லை என்றும் சொல்வார்கள். 1375-இல் அந்த அதிபர் கர்தினால் ஆனது உண்மை. பீப்பாய்க்கும் சிவப்புத் தொப்பிக்கும் இடையே என்ன உறவு என்பதை வாசகர்களின் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறேன். 1551-இல் அதிபர் ஜான் லுவாசியே, ஆலைக் கூடத்தை ஒட்டி அழகிய மாளிகை ஒன்றையும் எழுப்பினார். முதல் தந்தையர் நாணல் குடிசையில் தொடங்கியதை நினைக்கும்போது, அந்த மாளிகையின் அழகை ரசிப்பது எனக்குச் சற்றுக் கடினமாகவே இருக்கிறது.

பெரியவர்களின் நாவுக்கு எளியவர்கள் விலை கொடுத்ததும் உண்டு. பர்கண்டிக் கோமகன் பிலிப்பு 1395-இல் ஒரு கட்டளை பிறப்பித்தார். கமே என்ற திராட்சை பினோவைவிட மிகுதியாகக் காய்த்தது. கொள்ளைநோயில் ஆள்பலம் குறைந்திருந்த காலத்தில் குறைந்த உழைப்புக்கு நிறைந்த விளைச்சல் தந்ததால் குடியானவர்கள் அதை விரும்பி நட்டார்கள். அது நம்பிக்கைத் துரோகம் செய்யும் கொடி, கசப்பு மிக்கது என்று பழித்து, பிடுங்கியெறியச் சொன்னார் கோமகன். பர்கண்டியின் நற்பெயர் நிலைத்ததற்கு அக்கட்டளை ஒரு காரணம் என்று புகழ்கிறார்கள். கொடியைப் பிடுங்கிய குடியானவன் அந்த ஆண்டு என்ன சாப்பிட்டான் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அவ்வாண்டு நவம்பர் 2-இல் திருச்சபைச் சொத்துக்கள் நாட்டுடைமையாயின. 1790-இல் துறவற மடங்கள் கலைக்கப்பட்டன. 1791 சனவரியில் வூஜோ தோட்டம் ஏலத்தில் பாரிசு வணிகர் ஒருவருக்குப் போயிற்று. சீத்தோ மடமும் விற்கப்பட்டது. மாபெரும் மடத்துக் கோவிலை இடித்துக் கல்லை விற்றார்கள். துறவிகள் தம் கையால் எழுதிப் படம் வரைந்த விவிலிய ஏடுகள் திஜோன் நகர நூலகத்தில் தப்பின. கடைசிக் கிடங்குக் காப்பாளர் தோம் கொப்லே என்ற துறவி. பழைய வூஜோ இரசம் கொஞ்சம் அவரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு நெப்போலியன் ஆளனுப்பினாராம். ஆசையிருந்தால் அவரே இங்கு வந்து குடித்துப் போகட்டும் என்று துறவி சொல்லியனுப்பினார் என்பது அவ்வூர்க் கதை. உண்மையோ பொய்யோ, சொத்தெல்லாம் பறிகொடுத்த மடத்தாருக்கு அந்த ஒரு பதிலையாவது ஊர்மக்கள் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

இனிமேல்தான் மண் தன் இரகசியத்தை வெளியிட்டது. துறவிகளிடம் மேற்காடு, நடுக்காடு, கீழ்க்காடு மூன்றும் ஒரே கையில் இருந்தன. மேற்காட்டு இரசம் பாப்பரசர்களுக்கு, நடுக்காடு அரசர்களுக்கு, கீழ்க்காடு மடத்துக்கு என்று பிரித்தார்கள் என ஒரு மரபுக் கதை கூறுகிறது. அது எப்படியாயினும், வறண்ட ஆண்டில் கீழ்க்களியின் ஈரம் கைகொடுக்கும், மழை ஆண்டில் மேற்காட்டு வடிகால் காப்பாற்றும். எல்லாம் ஒரே உடைமையாயிருந்தால் ஒன்றன் குறையை மற்றொன்றால் ஈடுசெய்யலாம். புரட்சிக்குப் பின்னும், கைமாறிக் கைமாறி, 1818 முதல் ஊவ்ரார் குடும்பத்தாரிடம் இருந்தவரை தோட்டம் உடையவில்லை. 1889-இல் உடைந்தது. வணிகர்கள் ஆறு பேர் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டார்கள். பிறகு விற்பனை, வாரிசுரிமை, மறுபடி பங்கீடு. பிரெஞ்சுச் சட்டப்படி பிள்ளைகளுக்குள் சரிபங்கு. பாகப்பிரிவினை என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாய்க்காலுக்கும் வரப்புக்கும் நடக்கும் வழக்குகளைப் பார்த்தவர்கள் நாம். இன்று அந்தச் சுவருக்குள் சுமார் 80 உடைமையாளர்கள். சிலருக்குச் சில வரிசைக் கொடிகள் மட்டுமே சொந்தம்.

இதே காலத்தில் இன்னொரு பேரிடி. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்செரா என்ற மிகச் சிறிய பூச்சி வேரைத் தின்று பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைச் சாகடித்தது. அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கொடியில் பினோவை ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள். ஆகவே இன்று அங்கே நிற்பவை துறவிகள் நட்ட கொடிகள் அல்ல. வேர்கூட அந்நாட்டினது அல்ல. இருந்தும் மேற்காட்டு இரசம் மேற்காட்டு இரசமாகவே இருக்கிறது.

1937-இல் அரசாங்கம் பெயருரிமைச் சட்டப்படி எல்லை வகுத்தபோது ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும். மண்ணைப் பார்த்து மேற்காட்டுக்கு மட்டும் உயர்தரம் கொடுப்பதா? சுவரைப் பார்த்து எல்லாவற்றுக்கும் கொடுப்பதா? சுவர் வென்றது. 50 ஹெக்டேரும் மிகவுயர் தரம் என்று அறிவிக்கப்பட்டது. கீழ்ச்சுவருக்கு அப்பால், சாலையைத் தாண்டியவுடன் உள்ள நிலம் சாதாரண பர்கண்டிப் பெயரையே பெறுகிறது. சாலைக்கு இப்பாலுள்ள களிமண்ணுக்கோ பெரும்பெயர். மண்ணியல் அறிஞர்களும் இரச வணிகர்களும் இதைக் குறை சொல்வார்கள். பெயரை மட்டும் பார்த்து வாங்குபவர் ஏமாறுவதும் உண்டு; யாருடைய வரிசை, தோட்டத்தில் எந்த இடம் என்று விசாரித்து வாங்கவேண்டியிருக்கிறது. அவர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் அந்தச் சுவர் கட்டப்பட்டபோது அதற்குள் ஒரே மடம், ஒரே கிடங்கு, ஒரே சமையல் இருந்தன. சுவர் அப்போது பொய் சொல்லவில்லை. உள்ளே இருந்தவர்கள் பிரிந்த பிறகுதான் அது பொய்யாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

விளைந்த மண்ணின் பெயரைப் பொருளுக்கு உரிமையாக்கும் இவ்வழக்கம் நம் நாட்டிலும் புவிசார் குறியீடு என்ற பெயரில் வந்திருக்கிறது. தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் அக்குறியீடு கிடைத்தது. அத்திராட்சையை நம் பக்கத்துக்கு முதலில் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் என்று சொல்லப்படுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலுக்கடியில் நின்று பழம் பறித்த அனுபவம் உள்ளவர்கள் நம்மிடையேயும் இருப்பார்கள். வூஜோவில் பந்தல் கிடையாது. கொடியை இடுப்பளவுக்குக் கத்தரித்துக் கம்பியில் கட்டுகிறார்கள். அறுவடைக்கு முதுகு வளைந்தே தீரவேண்டும்.

வூஜோ மாளிகை 1944 முதல் திராட்சை இரச அன்பர்களின் கழகம் ஒன்றின் கையில் இருக்கிறது. சகோதரத் துறவிகள் வாய்பேசாது வேலை செய்த இடத்தில் இப்போது நூற்றுக்கணக்கானோர் அமர்ந்து பாட்டும் பேச்சுமாக விருந்துண்கிறார்கள். செக்குகள் நான்கும் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. அவற்றில் யாரும் பிழிவதில்லை. துறவிகள் 1898-இல் சீத்தோவுக்குத் திரும்பினார்கள். மடத்தில் மிஞ்சியிருந்தது சில கட்டடங்களும் சுற்றியிருந்த ஈரநிலமும்தான். திராட்சைச் சரிவு அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தச் சமவெளியில் புல் நன்றாக வளர்ந்தது. மாடு வாங்கினார்கள், 1925 முதல் பாலாடைக்கட்டி செய்தார்கள்.